செண்டுமல்லிப் பாட்டு

கேள்வி: கிடார் வாசித்துப் பாடும் ஜப்பானியப் பாடகி அய்ம்யோன் பாட்டுகளில் எதை முதலில் கேட்கலாம்?
– கல்லூரி மாணவி, ராயக்கோட்டை

பதில்: 2018-இல் வந்த 'மேரிகோல்டு'. அவரே எழுதி மெட்டமைத்தது. மேரிகோல்டு வேறொன்றுமில்லை, நம்ம ஊர்ச் செண்டுமல்லிதான்! வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர், காற்றில் ஆடும் செண்டுமல்லி மாதிரி இருப்பதாகப் பாட்டில் வருகிறது. எனக்கு ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது. அர்த்தம் படித்ததும், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் விடியற்காலையில் பூப்பறிக்கும் எங்கள் அத்தைதான் கண்முன் வந்தார். (அத்தைக்கு ஏது தொப்பி, தலையில் துண்டுதான்.) அப்புறம், 2017-இல் வந்த 'நீ ராக் கேட்பதில்லை'. அதைப் பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேளுங்கள்.