மவுண்ட் பாயூ பலகையில் இல்லாத வரி

அன்புள்ள ஐயா,

மெம்ஃபிஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். 61ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனபோது மவுண்ட் பாயூ என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்தினோம். அடிமைகளாக இருந்தவர்கள் 1887இல் குடியேறி உருவாக்கிய ஊர் என்று மிசிசிப்பி மாநிலத்தின் பச்சைப் பலகை சொல்கிறது. நிறுவியவர்கள் ஐசாயா மாண்ட்கோமரி, பெஞ்சமின் கிரீன். அந்த மாண்ட்கோமரிதான் பிறகு கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறிக்க வாக்களித்தார் என்கிறாள் மகள். அப்படிப்பட்டவர் பெயர் அங்கே இருக்கலாமா?

ஒரு வாசகி, மெம்ஃபிஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொன்னது உண்மை. ஆனாலும் பெயர் இருக்கட்டும். அவர் போட்ட வாக்கும் அதே பலகையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மாண்ட்கோமரி பிறந்தது 1847இல், ஜோசப் டேவிஸின் பருத்தித் தோட்டத்தில், அடிமையாக. தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் தலைவரான ஜெஃபர்சன் டேவிஸின் அண்ணன் இந்த ஜோசப். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866இல், ஐசாயாவின் அப்பா பெஞ்சமின் மாண்ட்கோமரி அந்தத் தோட்டத்தையே 3 லட்சம் டாலருக்குக் கடனில் வாங்கினார். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் நிலத்தை! வெள்ளமும் பருத்தி விலைச் சரிவும் அவரை முடக்கின. அவர் இறந்த சில ஆண்டுகளில் நிலம் கடனுக்காக டேவிஸ் குடும்பத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

அந்த இழப்பைப் பார்த்த மகன்தான் மவுண்ட் பாயூவுக்கு வந்தார். ரயில்வே கம்பெனி தன் பாதையோரக் காட்டு நிலத்தை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. சதுப்பு, மலேரியா, அடர்ந்த மரங்கள். குடியேறியவர்கள் மரங்களை வெட்டி விற்றுக் காசு பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கும் போனார்கள். பலகை இரண்டு பேரைத்தான் சொல்கிறது. காட்டைத் திருத்திய குடும்பங்களுக்கு அதில் இடமில்லை, எனக்கு அதுவும் ஒரு குறைதான். அதற்கும் முன்னால் அது சாக்டா பழங்குடி மக்களின் நிலம். ஊர்ப் பெயரில் ‘மவுண்ட்’ என்று உள்ள மண்மேடு பழங்குடிகள் எழுப்பியது.

சரி, அந்த வாக்குக்கு வருகிறேன். 1890இல் மிசிசிப்பி புதிய அரசியல் சட்டம் எழுதியது. அதை எழுதக் கூடிய மாநாட்டில் இருந்த ஒரே கறுப்பர் மாண்ட்கோமரி. வாக்களிக்க 2 டாலர் தலைவரி, அதோடு அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் புரிந்துகொள்ளவோ தெரிய வேண்டும் என்ற விதி. புரிந்ததா இல்லையா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்களின் வாக்கு போகும் என்று தெரிந்தே அவர் ஆதரித்தார், அதற்குப் பதிலாக இரு இனங்களுக்கும் இடையே அமைதி வரும் என்று நம்பி. வரவில்லை. அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் அப்போதே கண்டித்தார். தன் ஊரைக் காப்பாற்ற வேறு வழி இல்லாமல் செய்தார் என்று சிலர் வாதிடுவார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. தனக்குச் சொந்தமில்லாத உரிமைகளையும் சேர்த்து அவர் விட்டுக்கொடுத்தார்.

ஆனால் அவர் தொடங்கிய ஊர் அவரோடு நின்றுவிடவில்லை. கறுப்பர்களின் சகோதர சங்கம் ஒன்று, உறுப்பினர்களின் சந்தாவைக் கொண்டு 1942இல் அங்கே டபோரியன் மருத்துவமனையைத் திறந்தது. அதன் முதல் தலைமை அறுவை மருத்துவர் டி. ஆர். எம். ஹோவர்ட். 1955இல், வெள்ளையர்கள் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் கொலை வழக்கு நடந்தபோது, சாட்சி சொல்ல வந்த அந்தச் சிறுவனின் தாய் தங்கியது ஹோவர்டின் வீட்டில். மிசிசிப்பியில் அந்தத் தாய்க்குப் பாதுகாப்பாக இருந்த இடங்கள் மிகக் குறைவு.

அப்புறம், கறுப்பர்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர். 1962இல் வாக்காளராகப் பதியப் போனபோது, மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். மாண்ட்கோமரி ஆதரித்த அதே சட்டம், 72 ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருந்தது. ஹேமர் திருப்பி அனுப்பப்பட்டார், தோட்டத்தில் செய்துவந்த வேலையும் போனது. அதன் பிறகுதான் அவர் முழுமூச்சாகப் போராட வந்தார். 1977இல் அவர் இறந்தது மவுண்ட் பாயூ மருத்துவமனையில்.

அவருடைய கல்லறையும் சிலையும் பக்கத்து ஊரான ரூல்வில்லில் இருக்கின்றன. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் வாருங்கள்.