கல்யாணத்துக்கு வராத தோழி

கேள்வி: அக்கா, கோவையில் இன்ஜினீயரிங் படித்தபோது நாங்கள் நான்கு பேரும் ஒரே ஹாஸ்டல் ரூம். இப்போது நான் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஒருத்தி பெங்களூரில். இன்னொருத்திக்குப் போன மாதம் கல்யாணம். நாலாவது தோழிதான் எனக்கு ரொம்ப நெருக்கம். அவள் விருதுநகரில் வீட்டில் இருந்தபடியே அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். கல்யாணத்துக்கு எல்லோரும் ஒரே கலரில் பட்டு எடுப்பது, ஆளுக்கு இரண்டாயிரம் போட்டுப் பரிசு வாங்குவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேசி முடித்தோம். ‘சூப்பர்டி’ என்று போட்டவள் கல்யாணத்துக்கு வரவே இல்லை. போன் செய்தால் ‘அப்புறம் பேசறேன்’ என்கிறாள். நாங்கள் அவளுக்கு வேண்டாதவர்கள் ஆகிவிட்டோமா? நானும் ஒதுங்கிக்கொள்ளவா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: ஒதுங்காதே தங்கச்சி. ஒரே கலர் பட்டு என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. புடவை, பிளவுஸ் தையல் கூலி, பரிசுப் பங்கு, போக வர டிக்கெட் என்று கூட்டிப் பார். உனக்கு அது சம்பளத்தில் ஒரு ஓரம். அவளோ படித்து முடித்த பிறகும் அப்பாவிடம் போய்க் கை நீட்ட வேண்டும், அதுவும் கோச்சிங் ஃபீஸ் கேட்ட அதே அப்பாவிடம். சரி, கடன் வாங்கியாவது வந்துவிட்டாள் என்றே வை, மண்டபத்தில் பந்திக்குப் பந்தி யாராவது ஒரு அத்தை ‘நீ என்னம்மா பண்றே?’ என்று கேட்பார். நாலு பேர் பார்க்கிற குரூப்பில் ‘என்னால முடியாதுடி’ என்று எழுதுவதைவிட, ‘சூப்பர்டி’ போட்டுவிட்டுக் காணாமல் போவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் உன்னை வேண்டாம் என்று நினைத்துவிட்டாள் என்பதைவிட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, அந்தத் தேர்வு எழுதுகிறவர்களின் காலண்டரே வேறு. 2022 மே மாதம் குரூப் 2 முதல்நிலைத் தேர்வு எழுதியவர்களுக்கு 2023 பிப்ரவரியில்தான் முதன்மைத் தேர்வு நடந்தது, அதன் முடிவு வர 2024 ஜனவரி ஆனது. அத்தனை மாதமும் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கிறவர்களுக்கு அவள் என்ன பதில் வைத்திருப்பாள்? நீ கேட்காவிட்டாலும், உன் பெயர் போனில் மின்னும்போதே அந்தக் கேள்வி வரப்போகிறது என்றுதான் அவளுக்குத் தோன்றும். ‘அப்புறம் பேசறேன்’ என்று தட்டிக்கழிப்பது அதனாலும் இருக்கலாம்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒருவரோடு நெருங்கிய நட்பு உண்டாகச் சுமார் 200 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். ஹாஸ்டலில் அது ஒரு மாதக் கணக்குகூட இல்லை, மெஸ் வரிசையிலும் பக்கெட்டோடு பாத்ரூம் வாசலில் நின்றதிலுமே பாதி தீர்ந்திருக்கும். யாரும் திட்டம் போடவில்லை, அதுவாக நடந்தது. இப்போது வாரம் இருபது நிமிடம் போனில் பேசினால் அதே 200 மணி நேரத்துக்குப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் பழைய மாதிரி தானாக நடக்கும் என்று காத்திருக்காதே, இனி யாராவது ஒருவர் மெனக்கெட வேண்டும். கையில் சம்பளமும் சனி, ஞாயிறு லீவும் இருக்கிற நீதான் அந்த ஆள். இது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். அவளுக்கு வேலை கிடைத்த பிறகு கணக்குப் பார்த்துக்கொள்.

அதனால் ‘சென்னைக்கு வா, டிக்கெட் நான் போடறேன்’ என்று குரூப்பில் போட்டுவைக்காதே, அது இன்னும் குத்தும். நீ போ. வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் விருதுநகர். சொல்லாமல் போய் நிற்காதே, தனியாக ஒரு மெசேஜ் போடு: ‘சனிக்கிழமை வர்றேன்டி. மத்தியானம் உங்க வீட்ல சாப்பாடு, சாயங்காலம் எண்ணெய் புரோட்டா என் செலவு. பரீட்சை பத்தி வாயே திறக்க மாட்டேன்.’ சொன்னபடியே திறக்காதே, அவளாக ஆரம்பித்தால் மட்டும் கேட்டுக்கொள்.

அங்கே ஒரு ஆபத்து காத்திருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு போட்டுக்கொண்டே அவளுடைய அம்மா, ‘நீயாவது சொல்லும்மா, பேசாம ஒரு கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லி. நீ எப்படி செட்டில் ஆயிட்டே பாரு’ என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். நீ மட்டும் தலையாட்டிவிடாதே, ஆட்டினால் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற கூட்டத்தில் நீயும் ஒரு ஆள். ‘அவ பாத்துக்குவா ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க’ என்று பேச்சை மாற்று.

வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டால் வற்புறுத்தாதே. ‘பரீட்சை முடியட்டும், அப்புறம் வர்றேன்’ என்று சொல்லிவிட்டு, எப்போதாவது பதில் எதிர்பார்க்காத ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. கல்யாணமான தோழியும் பெங்களூர்த் தோழியும் கொஞ்சம் தூரமாவது இயல்புதான், அதற்கெல்லாம் இப்போதே உட்கார்ந்து வருத்தப்படாதே. அப்புறம், அந்தப் பரிசுக் கணக்கில் அவள் பங்கு இரண்டாயிரம் பாக்கி என்று குரூப்பில் யாராவது எழுதி வைத்திருந்தால், நீயும் பெங்களூர்க்காரியும் ஆளுக்குப் பாதி போட்டு இன்றைக்கே அடைத்துவிடுங்கள், அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம்.