உப்பாற்றுப் பாலத்தின் தூண்களில் துரு வடிகிறது. பூசி பெயிண்ட் அடித்தால் போதுமா?

போதாது. வேதாரண்யம் பக்கத்துப் பழைய பாலம், தூணில் நெட்டுக்குத்தாக வெடிப்பு, பழுப்புக் கறை, "சிமெண்ட் பூசி எபாக்சி பெயிண்ட் அடிச்சுடலாம்" என்கிற காண்ட்ராக்டர். நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிறு எரிகிறது. டெல்டா கடற்கரை முழுக்க இந்தப் பூச்சு வேலைதான் நடக்கிறது.

நல்ல கான்கிரீட் கடும் காரம், பிஎச் 12.5க்கு மேல். அதனால் கம்பி மேல் மெல்லிய காப்புப் படலம் இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறி அதை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எப்போதும் தண்ணிக்குள் இருக்கும் பகுதிக்குக் காற்று கிடைக்காததால் அங்கே அரிப்பு மெதுவாகத்தான் போகும். ஓதம் ஏறி இறங்கும் இடமும் அதற்கு மேலே அலை தெறிக்கும் இடமும்தான் மோசம். தூணில் சிப்பி ஒட்டிய கோட்டிலிருந்து மேலே ஒரு மீட்டர் வரை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். சாக்பீஸால் வளைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடைந்த இடத்தை மட்டும் பூசினால், பூச்சுக்குள் இருக்கும் கம்பி தப்பிக்கும். பக்கத்தில் உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி அதற்காக வேகமாக அரிக்கும். அடுத்த வெடிப்பு பூச்சின் ஓரத்திலேயே வரும். "நாங்க பூசின இடம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பக்கத்து இடம் போனதே அந்தப் பூச்சால்தான்.

செய்ய வேண்டியது: பொள்ளல் பகுதியின் ஓரத்தை கட்டரால் 10 மி.மீ. ஆழம் நேராக வெட்டி, கம்பிக்குப் பின்னால் 25 மி.மீ. இடைவெளி வரும்வரை கொத்துங்கள். பாரம் தாங்கும் தூண். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் கொத்தக் கூடாது, முட்டு வேண்டுமா என்று இன்ஜினியர் சொல்ல வேண்டும். சாண்ட் பிளாஸ்டிங் செய்து, நல்ல தண்ணியால் அழுத்தமாகக் கழுவுங்கள். கால்வாசி கனம் போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி, போதிய லாப் (பழைய கம்பியோடு சேர்ந்து ஓடும் நீளம்) விட்டு. பிறகு வெட்டின ஓரத்தை ஒட்டி ஜிங்க் ஆனோடுகள் (கம்பிக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள்), கம்பி நெருக்கத்தைப் பொறுத்து 30 முதல் 60 செ.மீ.க்கு ஒன்று. ஆனோடின் வயரைப் பளபளவென்று சுரண்டிய கம்பியில் இறுக முறுக்க வேண்டும்; மல்டிமீட்டரில் 1 ஓமுக்குள் காட்டணும். கம்பி முழுக்க எபாக்சி பிசின் அடித்துவிட்டு ஆனோடு கட்டினால் காசு கடலில் போட்டது போலத்தான். ஆனோடைச் சுற்றி எபாக்சி மோர்ட்டாரும் வேண்டாம், அது மின்சாரத்தை விடாது. கடைசியில் ஷட்டரிங் (அச்சுப் பலகை) அடித்து மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி போட்டு, தானே வழிந்து நிரம்பும் கான்கிரீட்).

"ஆனோடு வீண் செலவு, இன்ஹிபிட்டர் கலந்தால் போதும்" என்று எழுத வருபவர்களுக்கு: இன்ஹிபிட்டர், அதாவது துரு தடுக்கும் ரசாயனம், புதுக் கான்கிரீட்டுக்கு நல்லது, ஏற்கெனவே ஊறிய உப்பை அது அகற்றாது. ஆனோடும் சாசுவதம் என்று நான் சொல்லவில்லை, ஜிங்க் கரைந்து தீரும். தூண் முழுக்க உப்பேறியிருந்தால் டைட்டானியம் மெஷ் வைத்து வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முறைதான் சரி. ஆனால் அதைத் தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும். எதுவானாலும் முதலில் கான்கிரீட்டைத் துளைத்து ஆழவாரியாகப் பொடி எடுத்து குளோரைடு பாருங்கள். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அரிப்பு ஆய்வுக்கென்றே பேர்போன இடம், தூரமும் இல்லை.

தண்ணி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணியில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான். கடல் தண்ணியில் சுமார் 19,000. கரையோர போர் தண்ணியைச் சோதிக்காமல் ஊற்றாதீர்கள். கியூரிங்குக்கும் (போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைப்பதற்கும்) டேங்கரில் வரும் நல்ல தண்ணிதான்.

இன்னொரு ஆதங்கம். கடைமடையில் கடல் தண்ணியைத் தடுக்கும் ரெகுலேட்டர் ஷட்டர்களின் (மதகுக் கதவுகளின்) அடித்தகடு துரு தின்று ஓட்டையானால் உப்புத் தண்ணி உள்ளே ஏறி நாற்றங்காலையும் கெடுக்கும், நல்ல தண்ணிக்கென்று கட்டிய சின்னப் பாலங்களையும் அரிக்கும். பாலத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஷட்டருக்கும் கொஞ்சம் ஒதுக்கக் கூடாதா?

புதுப் பாலம்தான் என்று முடிவானால், ஓதப் பகுதிக்கு ஐஎஸ் 456 சொல்வது: எம்40 தரக் கான்கிரீட், தண்ணி–சிமெண்ட் விகிதம் 0.40க்குள், கன மீட்டருக்குக் குறைந்தது 360 கிலோ சிமெண்ட், கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 75 மி.மீ. ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) கேளுங்கள், 14 நாள் கியூரிங் விடுங்கள். கவர் இடைவெளிக்காகக் கம்பிக்கு முட்டுக்கொடுக்கும் கவர் பிளாக் அதே தரக் கான்கிரீட்டில் வார்த்ததாக இருக்கணும், செங்கல் துண்டோ ஜல்லியோ வைக்க விடாதீர்கள். கட்டுக்கம்பி முனைகளை உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். கவருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் உப்பு முதலில் அங்கேதான் பிடிக்கும்.