மீடியம் கிரிப், சின்னக் கை: செதுக்கலாமா, புதிதாக வாங்கலாமா?

டெல்லி ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 15 வயது, வலது கைப் பழக்கம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கை சின்னது என்பதால் கம்பாக்ட் மாடல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அதில் மீடியம் சைஸ் மரக் கிரிப் (கைப்பிடி) இருக்கிறது. பெல்லட் (ஈயக் குண்டு) எல்லாம் இடது பக்கம் கீழேயே போகிறது. கிரிப்தான் காரணம், வெளிக் கம்பெனி கிரிப் வாங்கிப் போடுங்கள் என்று பயிற்சி எடுக்கும் ரேஞ்சில் சொல்கிறார்கள். வாங்கலாமா? இருப்பதையே செதுக்கிக்கொண்டால் ஆகாதா?"

சார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கிச் சுடுதலில் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து, துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேர் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்பாக்ட் என்றால் கிரிப்பும் சின்னதாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறோம். அந்த மாடலில் குறைத்திருப்பது பேரலையும் (குழல்) காற்று அடைத்த சிலிண்டரையும்தான். முன்பக்க எடை குறைவதால், போட்டியில் 60 ஷாட்டை 75 நிமிடத்தில் முடிக்கும் வரை சின்னத் தோள் தாங்கும். கிரிப் சைஸ் தனிக் கணக்கு. கம்பாக்டில் லார்ஜ் கிரிப் போட்டு விற்பவர்களும் உண்டு.

அடுத்தது அந்த இடது கீழ். பெல்லட் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்து, அந்தக் கொத்து மட்டும் மையத்தை விட்டுத் தள்ளியிருந்தால் ரியர் சைட்டில் (குறி பார்க்கும் பின்பக்கப் பள்ளம்) நாலு க்ளிக் திருப்பினால் சரியாகிவிடும். அதற்குக் கிரிப்பைக் குறை சொல்லக் கூடாது. சிதறிப் போய், அதில் பெரும்பாலானவை இடது கீழே விழுந்தால் விஷயம் வேறு. பெல்லட் போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, ட்ரை ஃபயரில் இருபது முறை ட்ரிகரை விடச் சொல்லுங்கள். விடும் கணத்தில் ஃப்ரண்ட் சைட் (பேரல் நுனியில் இருக்கும் குறிமுள்) துள்ளுகிறதா என்று அவளே பார்க்கட்டும். துள்ளவில்லை, ஆனால் ரேஞ்சில் மட்டும் பெல்லட் இடது கீழே போகிறது என்றால் அது பதற்றம். புது கிரிப் வாங்கினாலும் அந்தப் பதற்றம் கூடவே வரும்.

துள்ளினால் கிரிப் மீது சந்தேகப்படலாம். பெரிய கிரிப் சின்னக் கைக்கு இரண்டு கெடுதல் செய்யும். சுட்டுவிரலின் நுனி மட்டும் ட்ரிகருக்கு எட்டும். நுனியால் இழுக்கும்போது ட்ரிகர் நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளப்படும், வலது கைக்காரருக்கு அது இடது பக்கம். கூடவே, பிடி தளர்வாக இருப்பதால் மற்ற மூன்று விரலும் ட்ரிகர் விடும் நேரத்தில் பயந்து இறுக்கும். பிஸ்டலின் மூக்கு கீழே போகும். இடது, கீழ் இரண்டும் வந்துவிட்டது பாருங்கள்.

எட்டுகிறதா என்று பார்ப்பது சுலபம். பெல்லட் இல்லை என்று உறுதி செய்து, சிலிண்டரைக் கழற்றி, சேஃப்டி ஃப்ளாக் செருகிய பிறகு பிடிக்கச் சொல்லுங்கள். சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதைப்பகுதி, அதன் நடு, ட்ரிகரில் படவேண்டும். விரலின் மீதிப் பகுதிக்கும் கிரிப் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியவேண்டும். மரத்தை உரசிக்கொண்டு விரல் வந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் துப்பாக்கி நகரும். எட்டவில்லை என்றால் உடனே அரத்தைத் தேடாதீர்கள். மேட்ச் பிஸ்டல்களில் ட்ரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்த ஸ்க்ரூ இருக்கும். கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டும் எட்டவில்லை என்றால்தான் கிரிப் பெரிது.

இப்போது, கிரிப் எதற்கு என்பதற்கே வருகிறேன். கை சுகமாக இருப்பதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடையில் பிடித்துப் பார்த்து "ஆஹா, மெத்தை மாதிரி இருக்கு" என்று வாங்கிய கிரிப்புகள் பல வீட்டு அலமாரியில் தூங்குகின்றன. எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே ஒரு வேலைதான்: 60 முறை தூக்கினாலும் 60 முறையும் இரண்டு சைட்டும் தானாக ஒரே கோட்டில் வந்து நிற்கவைப்பது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. இரண்டு சைட்டுக்கும் நடுவே 300 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரண்ட் சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் பெல்லட் 33 மி.மீ. தள்ளிப்போகும். பத்து வளையத்தின் குறுக்களவே 11.5 மி.மீ.தான், 33 மி.மீ. தள்ளினால் கறுப்பு வட்டத்தையே தாண்டி 6-ல் விழும். சைட்டை நேராக வைத்துக்கொண்டு கை முழுவதுமாக 2 மி.மீ. ஆடினால் பெல்லட்டும் 2 மி.மீ.தான் ஆடும், பத்திலேயே விழலாம். கை ஆடுவதை விட மணிக்கட்டு திரும்புவதுதான் ஆபத்து. அந்த மணிக்கட்டைத் திரும்பவிடாமல் வைப்பது கிரிப்.

அதனால் என் முதல் சோதனை எப்போதும் கண்ணை மூடித்தான். வழக்கமாக நிற்கும் நிலையில் நின்று, கண்ணை மூடி, பிஸ்டலைத் தூக்கி, மூச்சு விட்டுக் கையை அமரவிட்டு, பிறகு கண்ணைத் திறக்கவேண்டும். இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். இரண்டு சைட்டும் கச்சிதமாகச் சேர்ந்திருக்கிறது, ஆனால் டார்கெட்டுக்கு இடது பக்கம் பார்க்கிறது என்றால், பின்னங்காலை நகர்த்தி உடம்பைத் திருப்பினால் போதும். டார்கெட் நேரே இருக்கிறது, ஆனால் ரியர் சைட் பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டோ தாழ்ந்தோ தெரிகிறது என்றால் அதுதான் கிரிப் கோளாறு. காலில் தீரவேண்டியதை மரத்தில் தீர்க்கப் போய்க் கிரிப்பைக் கெடுத்தவர்கள் அதிகம். பத்துத் தடவை தூக்கி, ஒவ்வொரு முறையும் எப்படித் தெரிந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்தில் எட்டு ஒரே பக்கம் என்றால் நம்பலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். செகண்ட் ஹேண்டில் வந்த மீடியம் கிரிப் என்கிறீர்கள். முந்தைய சொந்தக்காரர் அதில் எத்தனை இடத்தில் சுரண்டியிருக்கிறார், எங்கே புட்டி வைத்திருக்கிறார் என்று விளக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் மாறிய திட்டு தெரிந்தால் அது அவருடைய உள்ளங்கை. இன்னொருத்தர் போட்டுத் தேய்த்த செருப்பைச் சரி பண்ணி நடப்பது மாதிரிதான் அது. அதோடு மீடியத்தை ஸ்மாலாகச் செதுக்க ஓரளவுக்கு மேல் முடியாது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் வளைவு உட்காரும் பின்பக்கம்தான் எட்டும் தூரத்தை நிர்ணயிக்கிறது. அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் எடுத்தாலே மரம் மெலிந்து, அதற்குப் பின்னால் பிஸ்டலின் உலோகம் வந்துவிடும்.

என் யோசனை: அதே பிஸ்டல் கம்பெனியின் ஸ்மால் கிரிப்பை வாங்குங்கள். இந்த மீடியத்தைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள், இரண்டு வருடத்தில் அந்தக் கை வளரலாம். ரிங்க், நில் மாதிரி ஜெர்மன் கிரிப் கம்பெனிகளின் அளவெடுத்த கிரிப் பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை. 3டி பிரிண்டில் வருவதிலும் ஒரு வசதி உண்டு, உடைந்தால் அதே கிரிப் மறுபடி கிடைக்கும். ஆனால் இன்னும் வளரக்கூடிய கைக்கு அளவெடுத்துச் செய்வது தீபாவளிக்குத் தைத்த பாவாடையைப் பொங்கலுக்கும் போடச் சொல்வது போல. 18 வயதுக்கு மேல் யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் மாடல் பெயரை முழுசாகச் சொல்லி வாங்குங்கள். ஸ்டெயர் பிஸ்டலின் கிரிப் வால்தர் பிஸ்டலில் உட்காராது, மொரினி பிஸ்டலில் போட்டதும் இரண்டிலும் உட்காராது. ஒரு கம்பெனியின் ஸ்மால் இன்னொன்றின் மீடியமாக இருக்கும், எழுத்தை நம்பவேண்டாம். வெள்ளைத் தாளில் வலது கையை விரல்களை லேசாக விரித்து வைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து வரைந்து, டீலரிடம் காட்டுங்கள். முடிந்தால் ரேஞ்சில் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு பிள்ளையின் ஸ்மால் கிரிப்பை ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

புது கிரிப்பும் அப்படியே பொருந்தாது. ஆனால் அதில் முதல் இரண்டு வாரம் எதையும் செதுக்காதீர்கள். கையே கொஞ்சம் கிரிப்புக்குப் பழகும். அதற்குள் கோணத்தைப் பாருங்கள்: பல மாடல்களில் கிரிப்பின் சாய்மானத்தை ஸ்க்ரூ வைத்து மாற்றலாம். ஃப்ரண்ட் சைட் எப்போதும் தாழ்ந்தே வந்தால் அதிலேயே தீர்ந்துவிடும்.

பிறகும் இடம் வலமாக விலகினால், மரத்தைக் குறைப்பதற்கு முன் கூட்டிப் பாருங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண் போதும். உள்ளங்கைப் பக்கம் ஒரு நாணயத் தடிமனுக்கு அப்பி, மேலே க்ளிங் ஃபிலிம் சுற்றி, மறுபடி கண்மூடிச் சோதனை. சரியாகவில்லையா, பிய்த்து நாலு மில்லிமீட்டர் தள்ளி அப்புங்கள். சைட் நடுவுக்கு வரும் இடம் கிடைக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்திலேயே தெரியும். அந்த இடத்தில் களிமண்ணை எடுத்துவிட்டு எம்-சீல் புட்டி வையுங்கள். கையுறை போட்டுப் பிசையுங்கள், இறுகுவதற்கு முன் தோலில் படவேண்டாம். மேலே க்ளிங் ஃபிலிம் போட்டு ஒருமுறை பிடித்து அச்சு எடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

குறைக்கவேண்டிய இடம் எது என்று பார்க்க, கையில் டால்கம் பவுடர் தடவிப் பிடிக்கச் சொல்லுங்கள். வால்நட் மரம் அடர்பழுப்பாக இருப்பதால் வெள்ளை பளிச்சென்று தெரியும். (பவுடர் இல்லையென்று பூஜை அறை விபூதியை எடுத்துக் கொடுத்த ஒரு அப்பா எங்கள் ரேஞ்சில் உண்டு. கிரிப் நன்றாகவே அமைந்தது, அது வேறு விஷயம்.) வெள்ளை அழுத்தமாகப் பதிந்த மேடுகளை மட்டும் தொடவேண்டும். கிரிப்பை ஆலன் கீயால் பிஸ்டலிலிருந்து கழற்றிய பிறகுதான் வேலை, முகத்துக்கு மாஸ்க். அரை வட்ட அரத்தால் பத்து இழுப்பு, பிறகு 120 நம்பர் உப்புத்தாள், மறுபடி மாட்டிப் பிடித்துப் பார்ப்பது. ட்ரெமெல் (கையில் பிடிக்கும் சுழல் மின்கருவி) வேகமானது என்பதுதான் அதன் குறை. உள்பக்கம் உலோகத்தோடு உட்காரும் பகுதியில் அரம் படவே கூடாது. அங்கே சுரண்டினால் கிரிப் ஆடும், ஆடும் கிரிப்புக்கு வைத்தியம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை, என் சொந்த அசட்டுத்தனத்திலிருந்து. வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் கிரிப்பைக் கீர்த்தி நகர் ஃபர்னிச்சர் மார்க்கெட்டில் ஒரு தச்சரிடம் கொடுத்தேன். அற்புதமான கைவேலைக்காரர். சொன்ன இடத்தில் சொன்ன அளவு எடுத்தார். அப்புறம், கேட்காமலே, மேலே இருந்த பொட்டுப் பொட்டான சொரசொரப்பை எல்லாம் தேய்த்து வழுவழுவென்று பாலிஷ் போட்டுக் கொடுத்தார். மேஜைக் கால் மாதிரி மின்னியது. வியர்த்த கையில் சோப்புக்கட்டி. அவரைக் குறை சொல்லி என்ன, மரம் என்றால் மின்னவேண்டும் என்பது அவர் தொழில். தச்சரிடம் கொடுத்தால் பக்கத்திலேயே உட்காருங்கள்.

விதி விஷயம் சுருக்கமாக. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) விதிப்படி கிரிப் கையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரியவேண்டும், பாம் ஷெல்ஃபும் (உள்ளங்கையின் அடிப்பகுதி உட்காரும் தட்டு) கட்டைவிரல் தாங்கியும் கிரிப்பிலிருந்து 90 டிகிரிக்குக் குறையாமல் வெளியே நீளவேண்டும், மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. பசை தடவவும் கூடாது. முழுப் பிஸ்டலும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்கவேண்டும். கம்பாக்டுக்கு நீளத்தில் பிரச்சினை வராது. அகலமான கிரிப்தான் அந்த 50-ல் மாட்டும். புட்டி வைத்தால் அளந்துவிடுங்கள். போட்டிக் காலையில் எக்விப்மென்ட் கன்ட்ரோல் (சாதனங்களைச் சோதிக்கும்) மேஜையில் நின்றுகொண்டு அரம் தேடிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். சுடும் கையில் வாட்ச், வளையல், பிரேஸ்லெட் அனுமதி இல்லை. கோயில் கயிறு கட்டியிருந்தால் அதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தப் பாம் ஷெல்ஃப். எல்லோரும் அதை இறுக்கித்தான் வைக்கிறார்கள். கையைக் கீழிருந்து தொட்டுக்கொண்டு நின்றால் போதும்; நெருக்கினால் விரல்கள் நடுங்கும். வீட்டில் உட்கார்ந்து அளவு வைக்காதீர்கள். ரேஞ்சில் பதினைந்து இருபது ஷாட் சுட்ட பிறகு கை லேசாக உப்பியிருக்கும், அப்போது வையுங்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு தொல்லை. மே மாதம் 44 டிகிரியில் உப்பும் அதே கை ஜனவரிப் பனிமூட்டத்தில் சுருங்கிவிடும். ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு, தட்டு நிற்கும் இடத்தில் கிரிப் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மாதத்தை எழுதி வையுங்கள். என் மாணவி ஒருத்தியின் கிரிப்பில் மே கோட்டுக்கும் ஜனவரிக் கோட்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கிறது.