அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. ஆறு ஆண்டுகளாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) அளவு சரியாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். ஆனாலும் மதியத்துக்கு மேல் எழ முடியாத அசதி; சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. என் தோழி மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் ஐந்து சொட்டு லூகோல் அயோடின் குடிக்கிறாள். பத்து நாட்களாக நன்றாக இருக்கிறாளாம். நானும் ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். குடிக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம், சகோதரி. மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். ஐந்து சதவீத லூகோல் கரைசலின் ஒரு சொட்டிலேயே சுமார் 6,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஐந்து சொட்டு என்றால், 200 நாட்களுக்கான அயோடினை ஒரே மடக்கில் விழுங்குகிறீர்கள். நாம் சமைக்கும் உப்பிலேயே அயோடின் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தைராய்டு குறைவதற்குக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். உடலின் எதிர்ப்பு மண்டலமே சுரப்பியைத் தாக்குகிறது. அப்படி நலிந்த சுரப்பியில் அயோடினைக் கொட்டினால் அது இன்னும் ஒடுங்கிப்போகும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் சிலருக்கு, அறுவை சிகிச்சைக்கு முன் இதே லூகோலைச் சில நாட்கள் கொடுப்பதுண்டு, சுரப்பை அடக்குவதற்காக!

தோழி நலமாக இருப்பதைச் சொட்டின் பலன் என்று நம்பிவிடாதீர்கள். உடலில் இருக்கும் தைராக்ஸின் (மாத்திரை தரும் தைராய்டு ஹார்மோன்) பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். பழைய மாத்திரையின் இருப்பு இன்னும் அவருக்குக் கைகொடுக்கிறது. அது தீர்வதற்குள் அவரையும் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் அசதி கற்பனை அல்ல. ‘ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. மனம் நொந்தவர்கள் இப்படிப்பட்ட பாட்டில்களைத் தேடிப் போவது அதனால்தான். ஒன்று கேட்கிறேன்: முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆம் என்றால், அந்த டி.எஸ்.எச். அளவை நம்ப முடியாது. சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் அதைக் குறைத்துக் காட்டிவிடும். இரண்டு நாட்கள் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுவது), பி12, சர்க்கரை ஆகியவற்றையும் பாருங்கள். மாதவிடாயின்போது ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்; இரும்புச்சத்து கரைவது பெரும்பாலும் அந்த வழியில்தான். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஏற்கெனவே சில சொட்டுகள் குடித்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். படபடப்போ கழுத்தில் வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.