எழுதி வாங்கியதே செல்லும்

கேள்வி: அமெரிக்க மரைன் படையில் சேரவிருக்கும் என் மகன், பயிற்சி முகாமுக்குப் புறப்படும் முன்பே தன் பணியைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். அஸ்வாப் என்னும் படைச்சேர்க்கைத் தகுதித் தேர்வின் மதிப்பெண்களையும் மருத்துவப் பரிசோதனையையும் பொறுத்தே அவருக்கு எந்தெந்தப் பணிகள் கிடைக்கும் என்பது அமையும். ஆனால், தரைப்படையில் குறிப்பிட்ட பணியையே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம் என்றிருக்க, மரைன் படையிலோ பெரும்பாலும் தொடர்புடைய பல பணிகள் அடங்கிய ஒரு தொகுதிதான் உறுதி செய்யப்படும், அதற்குள் எந்தப் பணி என்பது பின்னரே முடிவாகும். ஆகவே, தொகுதியில் தமக்குப் பிடிக்காத பணிகள் எவை என்பதையே உங்கள் மகன் முதலில் பார்க்கட்டும். ஆள்சேர்ப்பு அலுவலரின் வாய்மொழியை (அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்) நம்பிக் கையெழுத்திட வேண்டாம். படிவத்திலோ அதன் இணைப்புகளிலோ இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று டிடி-4 என்னும் சேர்க்கைப் படிவமே தெளிவாகக் கூறுகிறது.