தீபாவளிச் சலுகையில் தவணைக்கு டிவி வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், இருவர் சம்பளமும் சேர்ந்து 58,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகையான 2,000 ரூபாயைக் கட்டிவருகிறோம். தீபாவளிச் சலுகையில் 60,000 ரூபாய் டிவி வட்டியில்லாமல் 12 தவணைக்குக் கிடைக்கிறது. வீட்டு டிவி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கடையில் பார்த்து வந்ததிலிருந்து சின்னதாகத் தெரிகிறது. போன வருடம் வாங்கிய செல்போனின் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. நீங்கள் கட்டும் 2,000 ரூபாயில் வட்டிக்கு 1,400, அதன் மீதான ஜிஎஸ்டிக்கு 252 போக, அசலில் கழிவது வெறும் 348 ரூபாய். பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது.

'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லை நம்பாதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வட்டி மறைத்து வாங்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இன்றைய 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில், வட்டிக்கு ஈடான தொகையைப் பொருளின் விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, வங்கி தன் வட்டியை வழக்கம்போல் வசூலித்துக்கொள்கிறது. ஆண்டு வட்டி 15 சதவீதம் என்றால், உங்கள் டிவிக்கு வட்டி சுமார் 4,600 ரூபாய். அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறத்தாழ 830 ரூபாய், உங்கள் கையிலிருந்துதான் போகும். செயலாக்கக் கட்டணம் தனி. முழுப் பணமும் கையில் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்று கடையில் கேட்டுப்பாருங்கள். குறைப்பார்கள் என்றால், அந்தத் தொகையும் தவணைக்காக நீங்கள் கொடுக்கும் விலையே.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, 'சின்னதாகத் தெரிகிறது' என்ற சொல். உங்கள் டிவி ஓர் அங்குலமும் சுருங்கவில்லை. அதைப் பார்க்கும் கண்ணைத்தான் கடையின் வெளிச்சமும் வரிசையாக மாட்டிய பெரிய திரைகளும் மாற்றி அனுப்பியிருக்கின்றன. விளம்பரத்தின் வேலையே அதுதான், இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. 1978-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரும் பரிசு பெற்ற 22 பேரை ஆராய்ந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை என்பதும், அன்றாடச் சிறு இன்பங்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே ரசித்தார்கள் என்பதும் தெரியவந்தது. பெரும் பரிசுக்கே மனம் இப்படிப் பழகிவிடும்போது, செல்போனின் சந்தோஷம் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோனதில் வியப்பில்லை.

டிவிக்கென நினைத்த 5,000 ரூபாயை இப்போது கட்டும் 2,000 ரூபாயோடு சேர்த்து மாதம் 7,000 ரூபாயைக் கார்டுக்குக் கட்டுங்கள். கார்டை இடையில் தேய்க்காமல் இருந்தால் ஏழாவது மாதத்தில் பாக்கி தீரும். பிறகு அதே 7,000 ரூபாயை வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டால் அடுத்த தீபாவளிக்குள் 35,000 ரூபாய் சேரும். அப்போதும் வீட்டு டிவி சின்னதாகத் தெரிந்தால், அந்தப் பணத்துக்குள் வருவதை ரொக்கமாகக் கொடுத்து வாங்குங்கள்.